மட்டை பிடித்த கர்னல்

மான்குர்த்தில் ரயிலேறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் சற்றுத் தொலைவில் ஆசாத் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும். இந்த விளையாட்டில் இலங்கைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஒருவர், பிற்காலத்தில் சொந்த நாட்டு அரசையே கவிழ்க்கத் திட்டமிட்டுச் சிறை சென்றார். திட்டம் தோற்றது. அந்தத் தோல்விக்கு அவரைவிட அதிக விலை கொடுத்தவர்கள், அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாத தமிழ் இளைஞர்கள்.

அவர்தான் கர்னல் பிரெடரிக் செசில் டி சேரம். நண்பர்களுக்கு டெரிக். பாந்திரா பக்கம் டிசோசா, டிமெல்லோ என்று பெயர்கள் இருப்பதுபோல, இலங்கையிலும் போர்த்துக்கீசியர் காலத்துப் பெயர்கள் உண்டு. டி சேரம் சிங்களவர், ஆனால் கிறிஸ்தவர்.

1912-ல் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். கொழும்பு ராயல் கல்லூரியில் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு போனார். அங்கே 1934-ல் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக 128 ரன் குவித்தபோது இங்கிலாந்துப் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. ஊர் திரும்பியவர் இலங்கை அணிக்குத் தலைவரானார். தொண்டர் படையில் சேர்ந்து கர்னல் பதவி வரை உயர்ந்தார்.

அன்றைய இலங்கை ராணுவத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் வளர்த்த படை அது. அதிகாரிகளில் கிறிஸ்தவர்களும் தமிழர்களும் பறங்கியர்களும் தங்கள் ஜனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள். ராணுவத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். 1955 முதல் 1959 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

வெளியே நாடு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1956-ல் பண்டாரநாயக்கா தனிச்சிங்களச் சட்டம் கொண்டுவந்தார். 1958-ல் தமிழர் மீது கலவரம். 1959-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட, மறு ஆண்டு மனைவி சிறிமாவோ பிரதமரானார். கிறிஸ்தவ சபைகள் நடத்திவந்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. 1961-ல் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி முன்பு சத்தியாக்கிரகம் இருந்தபோது, வடக்கே ராணுவம் போயிற்று. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

நாடு பாழாகிறது, அதைத் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதிகாரிகள் சிலருக்கு வந்தது. 1958-ல் பாகிஸ்தானில் அயூப்கான் ஆட்சியைப் பிடித்ததைக் கண்ட காலம் அது. துப்பாக்கி வந்தால் ஒழுங்கு வரும் என்ற மயக்கம் படித்தவர்களையும் விடுவதில்லை. டி சேரத்துடன் கர்னல் மொரிஸ் டி மெல், கடற்படையின் முன்னாள் தலைவர் ராய்ஸ் டி மெல், போலீஸ் டி.ஐ.ஜி. சி.சி. திசநாயக்கா, ஓய்வு பெற்ற டி.ஐ.ஜி. சிட்னி டி சொய்சா ஆகியோர் சேர்ந்தார்கள். 1962 ஜனவரி 27 இரவு பிரதமரையும் அமைச்சர்களையும் பிடித்து வைப்பது திட்டம்.

திட்டம் உடைந்தது ஒரு வீட்டுக்குள். அன்று விஷயம் சொல்லப்பட்ட போலீஸ் அதிகாரி ஸ்டான்லி சேனநாயக்கா தன் மனைவியிடம் சொன்னார். மனைவி தன் தந்தை குலரத்தினாவிடம் சொன்னார். அவர் எம்.பி. செய்தி போலீஸ் ஐ.ஜி.க்குப் போய், அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவை எட்டியது. இரவுக்குள் எல்லாம் முடிந்தது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

டி சேரம் தன் வாக்குமூலத்தில் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். கவர்னர் ஜெனரல் சர் ஆலிவர் குணதிலகாவின் பெயரும் விசாரணையில் அடிபட, அவர் பதவியை விட்டுப் போனார். இருந்த சட்டம் போதாது என்று அரசு முன்தேதியிட்டு ஒரு புதுச் சட்டம் போட்டது. 24 பேர் மீது வழக்கு நடந்தது. 1965 ஏப்ரலில் 11 பேருக்குப் பத்தாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். அந்த 11 பேரில் சிங்களவர், தமிழர், பறங்கியர் மூவருமே உண்டு; முன்னணியில் நின்றவர்கள் சிங்களவர். லண்டன் பிரிவி கவுன்சில் அந்த ஆண்டு டிசம்பரில் சட்டமே செல்லாது என்றது. அனைவரும் விடுதலையானார்கள்.

ஆனால் பழி தனி ஆட்களோடு நிற்கவில்லை. சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சிங்கள பௌத்தரல்லாத அதிகாரியை நம்ப முடியாது என்று வாதாடியவர்களுக்கு இது கையில் கிடைத்த ஆயுதமாயிற்று. பாதுகாப்புத் துறைச் செயலாளர் என்.கியூ. டயஸ் அப்படி நினைத்தவர். படைக்கு ஆள் எடுப்பது சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தது. 1962 டிசம்பரில் கெமுனு படைப்பிரிவு உருவாயிற்று. அதற்குச் சூட்டப்பட்டது, தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயர். வடக்கே முகாம்கள் எழுந்தன. கடற்படைக்கு மட்டும் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர் 1970 வரை தலைவராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் சாய்வு 1962-ல்தான் தொடங்கியது என்பதும் சரியல்ல. அலுவலகங்களில் அது முன்பே வந்துவிட்டது. சிங்களத் தேர்வு எழுதாததால் அதே 1962-ல் இன்க்ரிமென்ட் மறுக்கப்பட்ட தமிழ்க் குமாஸ்தா கோடீஸ்வரன், வழக்குப் போட்டு 1969-ல் பிரிவி கவுன்சில் வரை போனார். கர்னல்களைக் காத்த அந்த வாசல், குமாஸ்தாவுக்கும் திறந்திருந்தது. சில ஆண்டுகளில் இலங்கை அதை மூடிவிட்டது. 1972 அரசியல் சட்டத்தில் பௌத்தத்துக்கு முதலிடம் கிடைத்தது. சிறுபான்மையினருக்கு இருந்த பழைய 29-வது பிரிவு போயிற்று.

டி சேரம் மறுபடி மைதானத்துக்கே வந்தார். தான் படித்த ராயல் கல்லூரிப் பையன்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். கண்டிப்பானவர். 1983 ஏப்ரலில் காலமானார்.

மூன்று மாதம் கழித்து, ஜூலை 23 இரவு, யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியத் தொடங்கின. பல இடங்களில் படையினரும் போலீஸாரும் தடுக்காமல் நின்றார்கள். அந்தப் படையில் தமிழர் மிகச் சிலரே மிஞ்சியிருந்தனர். முத்துக்குமாருவுக்குப் பிறகு இலங்கை ராணுவத்துக்குத் தமிழர் எவரும் தளபதியானதில்லை.