எடை குறைக்கும் ஊசி ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை? 1902-லேயே விடையை நெருங்கிய டாக்டர் கேரோட்டின் கதை

எடை குறைக்கும் ஊசி பற்றிய பேச்சு இப்போது ஆபீஸ் கேன்டீன் முதல் வாட்ஸ்அப் குரூப் வரை எல்லா இடத்திலும் ஓடுகிறது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி என இரண்டு ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. ஒருத்தர் ஆறு மாதத்தில் பழைய சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆகிடுச்சு என்கிறார். பக்கத்து சீட்காரர் அதே மருந்து, அதே டோஸ் எடுத்து, மாதம் பல ஆயிரம் ரூபாய் செலவழித்தும் எடை மெஷினில் நம்பர் நகரவே மாட்டேங்குது என்கிறார்.

உடனே அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: வாயைக் கட்டினியா, இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானதுதானா? 2021-ல் வெளியான ஸ்டெப் 1 என்ற பெரிய ஆய்வின் எண்களைப் பாருங்கள். சுமார் 1,300 பேருக்கு செமாகுளூடைட் ஊசி கொடுக்கப்பட்டது. 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. ஆனால் அந்தச் சராசரிக்குள் பெரிய இடைவெளி இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம் கூட குறையவில்லை.

மருந்து ஒன்றுதான், உடம்புதான் வேறு வேறு. இன்று நமக்கு சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயத்தை 120 வருஷத்துக்கு முன்பே மருத்துவ இதழில் எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் சர் ஆர்ச்சிபால்ட் கேரோட்.

யார் இவர்?

1857 நவம்பர் 25 அன்று லண்டனில் பிறந்தவர் கேரோட். அப்பா ஆல்ஃபிரட் பேரிங் கேரோட் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற மருத்துவர். கவுட் எனப்படும் மூட்டு வீக்க நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் அதிகமாக இருப்பதைக் காட்டியவர் அவர்தான். அதற்கு அவர் வைத்திருந்த டெஸ்ட் ரொம்ப எளிமையானது. ரத்தத்தின் தெளிந்த நீரில் கொஞ்சம் அமிலம் சேர்த்து, ஒரு நூலைப் போட்டு வைப்பார். யூரிக் அமிலம் கூடுதலாக இருந்தால் நூலில் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும்.

நோய்க்குப் பின்னால் ஒரு ரசாயனம் இருக்கும் என்ற எண்ணம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியல் படித்தார். பிறகு லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். 1892 முதல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலும் வேலை பார்த்தார்.

கேரியரில் அவர் வேகமாக மேலே போனவர் அல்ல. செயின்ட் பார்த்தலோமியூவில் முழு மருத்துவர் பதவி கிடைத்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் பிடித்துக்கொண்ட வேலை, நோயாளிகளின் சிறுநீர் ஏன் பல நிறங்களில் வருகிறது என்று ஆராய்வது. இதில் அவருடன் சேர்ந்து உழைத்த ஃபிரெடரிக் கவ்லண்ட் ஹாப்கின்ஸ் பின்னாளில், 1929-ல், நோபல் பரிசு வாங்கினார்.

கறுத்துப்போன குழந்தைத் துணி

அல்கப்டோனூரியா என்று ஒரு அரிய நிலை உண்டு. இது உள்ளவர்களின் சிறுநீர் காற்றுபட்டதும் கறுத்துவிடும். பிற்காலத்தில் முதுகெலும்பும் மூட்டுகளும் பாதிக்கப்படும். குடலில் ஏதோ கிருமி புகுந்துதான் இப்படி ஆகிறது என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள்.

கேரோட்டுக்கு இதில் சந்தேகம். அவர் பார்த்துவந்த ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நிலையுள்ள குழந்தைகள் இருந்தார்கள். 1901-ல் அந்தத் தாய்க்கு ஐந்தாவது குழந்தை பிறக்கப் போவது தெரிந்தது. பிறந்ததிலிருந்து குழந்தையின் துணிகளைக் கவனமாகப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார். பிறந்த 52-வது மணி நேரத்தில் துணியில் கறை தெரிந்தது.

பிறந்து இரண்டே நாளான குழந்தைக்கு கிருமி தொற்றி இவ்வளவு சீக்கிரம் கறை வருமா? வாய்ப்பு குறைவு. இது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அல்ல, குழந்தை கூடவே பிறந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அடுத்து அவர் கேட்டது ஒரு சாதாரணக் குடும்பக் கேள்வி. அம்மா, அப்பா இருவரும் சொந்தமா? ஆம், நெருங்கிய ரத்த உறவு. அந்த நிலையுள்ள வேறு குடும்பங்களிலும் விசாரித்தார். அங்கேயும் உறவுக்குள் கல்யாணம் செய்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருந்தார்கள்.

மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு அப்போதுதான், 1900-ல், உலகத்தின் கவனத்துக்கு மறுபடி வந்திருந்தது. கேரோட்டின் தகவலைப் பார்த்த உயிரியலாளர் வில்லியம் பேட்சன், மெண்டல் சொன்ன ஒடுங்கு பண்புக்கு இது அப்படியே பொருந்துகிறது என்று புரிந்துகொண்டார். அதாவது அம்மாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி என இரண்டும் சேர்ந்து வந்தால்தான் குழந்தையிடம் பாதிப்பு தெரியும். ஒரு மனித நோய்க்கு மெண்டலின் விதி பொருத்தப்பட்டது அதுதான் முதல் முறை.

ஒரே பத்தியில் உடல் பருமனும் மருந்தும்

1902-ல் லான்செட் இதழில் கேரோட் எழுதிய கட்டுரைதான் நம்ம கதைக்கு முக்கியம். அல்கப்டோனூரியா பற்றிய கட்டுரை என்றாலும், கடைசியில் அவர் பெரிய விஷயத்துக்குப் போகிறார்.

முகஜாடையில் எப்படி இரண்டு பேர் நூறு சதவீதம் ஒன்றாக இருப்பதில்லையோ, அதே போல உடம்புக்குள் நடக்கும் ரசாயன வேலைகளும் இரண்டு பேருக்கு அச்சு அசலாக ஒன்றாக இருக்காது என்பது அவர் வாதம். அல்கப்டோனூரியா கண்ணுக்குத் தெரியும் பெரிய வித்தியாசம். தெரியாத சின்ன வித்தியாசங்கள் எல்லோரிடமும் இருக்கும். இதற்கு உதாரணமாக அவர் தொட்டுக்காட்டிய விஷயங்களில் உடல் பருமனும் உண்டு. ஒரே மருந்துக்கு ஆளாளுக்கு உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்வதும் உண்டு.

அப்போது ஜீன் என்ற சொல்லே பிறக்கவில்லை. டிஎன்ஏவின் அமைப்பு தெரிய இன்னும் 51 வருஷம் இருந்தது.

1908-ல் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸில் இதைத் தொடர் சொற்பொழிவாகப் பேசினார். மறு வருஷம் புத்தகமாக வந்தது. உடம்பில் ஒவ்வொரு பொருளும் படிப்படியாக உடைகிறது. ஒரு படியில் வேலை செய்ய வேண்டிய நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால், முந்தைய படியில் உருவான பொருள் தேங்கிவிடும். அல்கப்டோனூரியாவில் சிறுநீரைக் கறுப்பாக்குவது அப்படித் தேங்கிய ஒரு அமிலம்தான்.

ஏன் யாரும் கண்டுக்கல?

கேரோட்டுக்கு மரியாதை கிடைத்தது. 1910-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1918-ல் சர் பட்டம், 1920-ல் வில்லியம் ஆஸ்லருக்கு அடுத்தபடியாக ஆக்ஸ்ஃபோர்டின் ரீஜியஸ் மருத்துவப் பேராசிரியர். ஆனால் அவருடைய முக்கியமான யோசனையை மட்டும் பெரும்பாலானோர் எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் ரொம்ப எளிது. மருத்துவர்களுக்கு அவர் சொன்ன நோய்கள் மிக அரிதானவை. வாழ்நாளில் ஒரு கேஸ் கூட பார்க்காதவர்கள் அதிகம். மரபியல் படித்தவர்கள் செடியிலும் ஈயிலும் மூழ்கியிருந்தார்கள். வேதியியலாளர்களுக்குப் பரம்பரை பற்றி அக்கறை இல்லை. மூன்று துறைக்கும் நடுவில் அவர் வேலை மாட்டிக்கொண்டது.

இதற்கிடையில் வீட்டில் பேரிடி. முதல் உலகப் போரில் அவர் மால்டா தீவில் ராணுவ மருத்துவ ஆலோசகராக இருந்தார். அவருக்கு மூன்று மகன்கள். இருவரைப் போர் கொண்டுபோனது. போர் முடிந்த பின், 1919-ல், மூன்றாவது மகனை இன்ஃப்ளூயன்சா கொண்டுபோனது. மிஞ்சியது மகள் டோரதி மட்டும். அவர் தொல்லியலாளராகி, 1939-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார்.

மகன்களை இழந்த பிறகும் கேரோட் எழுதுவதை நிறுத்தவில்லை. 1931-ல், 73 வயதில், இன்னொரு புத்தகம் கொண்டுவந்தார். ஒருவர் எந்த நோய்க்கு எளிதில் ஆளாவார், எதைத் தாங்குவார் என்பதில் பிறவியிலேயே வந்த ரசாயன அமைப்புக்கும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். அதுவும் பெரிதாகப் பேசப்படவில்லை. 1936 மார்ச் 28 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார்.

1941-ல் அமெரிக்காவில் பீடிலும் டாட்டமும் பூஞ்சையில் ஆய்வு செய்து, மரபணு ஒவ்வொன்றும் நொதி ஒன்றைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். 1958-ல் அதற்கு நோபல் கிடைத்தது. கேரோட் இதை முன்பே உணர்ந்திருந்தார் என்று பீடில் நோபல் உரையிலேயே ஒப்புக்கொண்டார். அதே வருஷம் அல்கப்டோனூரியா உள்ளவரின் கல்லீரலில் அந்த நொதி வேலை செய்யவில்லை என்பதும் உறுதியானது. மரபணு கையில் சிக்கியது 1996-ல். தமிழ்நாட்டின் நரிக்குறவர் சமூகத்தில் இந்த மரபணுவின் ஒரே மாற்றம் பல குடும்பங்களில் காணப்படுவதை இந்திய ஆய்வாளர்கள் 2014-ல் பதிவு செய்தார்கள்.

சேத்துப்பட்டில் கிடைத்த சாட்சி

மருந்து விஷயத்தில் கேரோட் சொன்னதற்கு ஒரு சாட்சி சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் தொடங்கப்பட்ட சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், ஐசோனியாசிட் மருந்தைப் பல வருஷம் ஆராய்ந்தது. சிலரின் கல்லீரல் இந்த மருந்தை வேகமாகச் செயலிழக்க வைக்கும், சிலருடையது மெதுவாக. இதைத் தீர்மானிப்பது பரம்பரை.

வாரத்துக்கு ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்த ஆய்வில், வேகமாகச் செயலிழக்க வைப்பவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. மெதுவானவர்களுக்கு வேறு பிரச்சினை. மருந்து உடம்பில் தங்குவதால் கை, கால் மரத்துப்போகும் வாய்ப்பு கூடுதல். ஒழுங்காக மாத்திரை போட்டவருக்கும் குணமாகாமல் போகலாம் என்பது இங்கே, நம்ம ஊர் நோயாளிகளிடமே தெரிந்தது.

எடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1994-ல் லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குப் போய், சேமிப்பு போதும் என்று சொல்லும் ஹார்மோன் இது. 1997-ல், கேரோட் கடைசி நாட்களைக் கழித்த அதே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆய்வாளர்கள், லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இருவரும் பாகிஸ்தான் பூர்வீகம் கொண்ட, உறவுக்குள் திருமணம் நடந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது.

அவர்களில் ஒரு சிறுமிக்கு 9 வயதில் எடை 94.4 கிலோ. லெப்டின் ஊசி போட ஆரம்பித்த 12 மாதத்தில் 16.4 கிலோ குறைந்தது. அவளிடம் குறைவாக இருந்தது மன உறுதி அல்ல, ஒரு ஹார்மோன்.

அப்படின்னா எல்லோருக்கும் லெப்டின் போட்டால் போதுமே? போட்டுப் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. பருமனாக உள்ள பெரும்பாலானோரின் உடம்பில் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செட்மெலனோடைட் மருந்தும் இதே கதைதான். பசியைக் கட்டுப்படுத்தும் பாதையில் குறிப்பிட்ட சில மரபணுக்கள் பழுதானவர்களுக்காக வந்த மருந்து அது.

செமாகுளூடைட் போன்ற ஊசிகளில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. இந்த மருந்து ஒட்டிக்கொள்ளும் ஜிஎல்பி-1 ஏற்பியின் மரபணுவில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. அவற்றில் சில, மருந்தின் பலனைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஆனால் ஒற்றை மரபணு எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. சர்க்கரை நோய் இருப்பதே பெரிய வித்தியாசம் தருகிறது. அத்தகையவர்களிடம் நடந்த ஸ்டெப் 2 ஆய்வில் அதே 2.4 மில்லிகிராம் டோஸில் சராசரி எடைக் குறைவு 9.6 சதவீதம்தான். பாலினம், பக்கவிளைவால் டோஸை ஏற்ற முடியாமல் போவது, தூக்கம், சாப்பாடு எல்லாமே கணக்கில் வரும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஜீன் டெஸ்ட் எடுத்து உங்களுக்கு எந்த ஊசி சரி என்று சொல்வது வழக்கமான சிகிச்சையில் இன்னும் வரவில்லை. அப்படி உறுதி கொடுத்து யாராவது பேக்கேஜ் விற்றால், பணம் கட்டும் முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சின்ன வயதிலேயே அடங்காத பசியும் அதிக பருமனும் உள்ள குழந்தைகளின் நிலைமை வேறு. அவர்களுக்கு மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே சிகிச்சையை மாற்றலாம், குறிப்பாகப் பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்றால்.

ஊசி எடுத்தும் எடை போதிய அளவு குறையவில்லை என்றால், நீங்களாகவே டோஸை ஏற்றுவதோ நிறுத்துவதோ வேண்டாம். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். டோஸ், வேறு மருந்து, வேறு வழி என்று அவர் பார்க்க நிறைய இருக்கிறது. வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது இந்த நிலையில் இருந்தால், வாயைக் கட்டினியா என்று கேட்பதற்கு முன் கேரோட்டை நினைத்துக்கொள்ளலாம். ஒரு குழந்தையின் துணி கறுத்ததற்கு யார் மீதும் பழி போடாமல், அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றுதான் அவர் தேடினார்.