ஒரே ஒரு தடவை எம்.பி.

முதல் வருஷம் பிசிக்ஸ் சார் போர்டில் எழுதிப் போட்ட சாஹா சமன்பாடு ஞாபகம் இருக்கா? அந்த மேகநாத் சாஹா ஒரு எம்.பி.யும்கூட என்பது, வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1893-ல் டாக்கா பக்கத்துக் கிராமத்தில், சின்ன மளிகைக்கடைக்காரர் மகனாகப் பிறந்தவர். 1905-ல் வெள்ளைக்கார கவர்னர் வருகையை எதிர்த்ததால் பள்ளிக்கூடமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. அப்படியும் படித்து, 1920-ல் நட்சத்திர ஒளியை வைத்தே அதன் வெப்பநிலையைக் கணிக்க வழி சொன்னார்.

நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்கு அவர் நெருக்கமாவது தாமோதர் நதியால்தான். 1943 வெள்ளத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம் மாதிரி இங்கேயும் வேணும் என்று விடாமல் எழுதினார். 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் வந்தது. வேலையாகப் போன இடத்தில் மைதான் அணைமேல் நின்றபோது அவரைத்தான் நினைச்சேன்.

திட்டம் போடுகிற இடத்தில் தன் பேச்சு எடுபடவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு. 1952-ல் வடமேற்கு கல்கத்தாவில் நின்று காங்கிரஸைத் தோற்கடித்தார். அணுசக்தி விஷயத்தில் நேருவையே சபையில் கேள்வி கேட்டார். ஐந்து வருஷம் முடியவில்லை. 1956 பிப்ரவரி 16, டெல்லியில் திட்டக் கமிஷன் ஆபீசுக்குப் போகிற வழியில் மாரடைப்பு.

அவர் தலைமையிலான குழு சிபாரிசு செய்த சக ஆண்டு நாள்காட்டி 1957 மார்ச் 22-ல் அமலுக்கு வந்தது. மத்திய அரசிதழைப் புரட்டினால் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் அது இருக்கும்.