பறவையின் காலில் ஒரு முகவரி

ஐப்பசி பிறந்ததும் நம் நாட்டின் கடற்கரைகளிலும் உப்பளங்களிலும் ஏரிக்கரைச் சேற்றிலும் புதிய விருந்தினர் வந்திறங்குவர். நேற்றுவரை வெறுமையாய்க் கிடந்த கழிமுகத்தில் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக ஓடித் திரியும். பள்ளித் திடலின் புல்தரையில் வாலாட்டிக்குருவி ஒன்று வாலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு நடக்கும். கூதிர், முன்பனி, பின்பனி ஆகிய பருவங்கள் கழிந்து வெயில் ஏறியதும் இவை ஒருநாள் காணாமற்போகும். இவ்வாறு பருவந்தோறும் இடம்பெயர்ந்து சென்று மீளுதலை வலசை போதல் என்பது தமிழ் வழக்கு.

இப்பறவைகள் வருவதையும் போவதையும் கடற்கரை மக்கள் நெடுங்காலமாக அறிவர். அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன, சென்ற ஆண்டு வந்த பறவைதானா இவ்வாண்டும் வந்துள்ளது என்னும் வினாக்களுக்கு மட்டும் விடை கூறுவார் இல்லை. அவ்விடையைத் தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சாலிம் அலி.

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். வலசைப் பறவைகள் வந்து நிறையும் பருவத்திலேயே அவர் பிறந்தது இனியதொரு பொருத்தம். பத்துப் பிள்ளைகளுள் அவரே கடைசி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர் மனைவி அமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர்.

இளமையில் சாலிம் பறவைகளைக் காக்க எண்ணியவர் அல்லர், சுட எண்ணியவர். சிறு காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவருடைய விளையாட்டு. அவ்வாறு ஒருநாள் வீழ்ந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் தீட்டியது போன்ற அடையாளம் இருந்தது. இத்தகைய பறவையை உண்ணலாமா என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. மாமனுக்கும் விடை தெரியவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு ஒரு கடிதத்துடன் அனுப்பினார். 1883-இல் தோன்றிய அக்கழகத்தின் செயலராக அப்போது மில்லர்டு என்னும் ஆங்கிலேயர் இருந்தார். அக்காலத்தில் இந்தியச் சிறுவன் ஒருவன் வெள்ளையர் அலுவலகத்துள் தனியே நுழைவது எளிதன்று. தயங்கித் தயங்கி உள்ளே சென்றவரை மில்லர்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறினார். பாடம் செய்து அடுக்கி வைத்திருந்த பறவைகளை ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டினார். ஒரே வகை என்று தாம் எண்ணியிருந்த சிட்டுகளுள் இத்தனை வகை உண்டா எனச் சிறுவன் வியந்தான். அவனுடைய வாழ்க்கை திசை திரும்பியது அவ்வறையிலேதான்.

கல்வி அவருக்கு எளிதாய் அமையவில்லை. கல்லூரியில் சேர்ந்தவர் இடையிலேயே விட்டுவிட்டு 1914-இல் பர்மாவின் தவோய்ப் பகுதிக்குச் சென்றார். அங்குக் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலுக்குத் துணைபுரிவது நோக்கம். ஆனால் தவோயின் காடுகள் கணக்கேடுகளைவிட அவரைப் பெரிதும் ஈர்த்தன. தொழில் நிலைக்கவில்லை. 1917-இல் பம்பாய் திரும்பி வணிகக் கல்வியும் விலங்கியலும் பயின்றார். 1918-இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் அவருக்குக் கிட்டவேயில்லை. பறவையியல் அறிஞர் பணி ஒன்றிற்கு அவர் விண்ணப்பித்தபோது அந்தக் குறையே தடையாய் நின்றது. பின்னர் 1926-இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்க்கு விளக்கம் கூறும் வழிகாட்டி விரிவுரையாளர் பணி கிடைத்தது.

கண்ணாடிப் பேழைக்குள் இருந்த உயிரற்ற பறவைகளைப் பற்றி நாளும் பேசியவர், முறையான பயிற்சி பெற விரும்பி விடுப்பெடுத்து ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்னும் பேரறிஞர் அவரை மாணவராக ஏற்றார். பட்டம் எங்கே என்று ஸ்ட்ரெசமான் கேட்கவில்லை போலும்! வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவிலும் அவர் பயிற்சி பெற்றார். வலசை செல்லும் பறவைகள் கடலிடையே இறங்கி இளைப்பாறும் தீவு அது. அங்கிருந்த ஆய்வு நிலையத்தார் பறவைகளைக் காயமின்றிப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் அணிவித்து, மீண்டும் பறக்கவிட்டனர். பிறிதோரிடத்தில் அப்பறவை யார் கையிலேனும் அகப்பட்டால், வளையத்தின் எண்ணைக் கொண்டு அது வந்த வழியை அறியலாம். துப்பாக்கியால் வீழ்த்திய பறவை தான் இறந்த இடத்தை மட்டுமே சொல்லும். வளையமிட்ட பறவையோ தன் பயணத்தையே சொல்லவல்லது. இவ்வேறுபாட்டைச் சாலிம் அலி அங்கு நேரிற் கண்டார்.

1930-இல் தாயகம் திரும்பியபோது, பணமில்லை என்று அருங்காட்சியகம் அவருடைய பணியிடத்தையே நீக்கியிருந்தது. வயது 33, கையில் வேலையில்லை. நகரத்தில் வாழப் பொருள் போதாமையால் கணவனும் மனைவியும் பம்பாய்க்குத் தெற்கே, கடலோரச் சிற்றூராகிய கிஹிமில் இருந்த வீட்டிற்குச் சென்றனர். அது மழைக்காலம். அருகிலிருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. வேலையற்றவருக்கு நேரத்திற்குக் குறைவில்லை. கூடுகளின் அருகே மறைவிடம் அமைத்து நாள்தோறும் மணிக்கணக்கில் அமர்ந்து, கண்டவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார்.

அதுவரை யாரும் சரியாக உணராத செய்தி ஒன்று அம்மரத்தடியில் வெளிப்பட்டது. கூட்டைப் பின்னுவது ஆண்குருவி. பாதி பின்னியதும் அது நிறுத்திக்கொள்ளும். பெண்குருவிகள் வந்து உட்புகுந்து ஆராயும். ஒரு பெண்குருவிக்கு அக்கூடு பிடித்துவிட்டால் ஆண்குருவி எஞ்சிய பகுதியையும் நீண்ட வாயிற்குழலையும் பின்னி முடிக்கும். அப்பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண்குருவி அடுத்த கூட்டைப் பின்னத் தொடங்கி வேறொரு துணையைத் தேடும். ஒரு பறவையையும் கொல்லாமல், வெறுங்கண்ணாலும் பொறுமையாலும் பெற்ற இவ்வறிவு அவருக்குப் பறவையியலாரிடையே பெயர் தந்தது. வேலை போனதனால் விளைந்த நன்மை என்றே இதைக் கூறவேண்டும்.

அதன்பின் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். தமக்கு ஊதியம் வேண்டா, பயணச் செலவை ஏற்றால் போதும் என்பது அவர் விதித்த ஏற்பாடு. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்ற அப்பயணங்களில் தெஹ்மினாவும் உடன் சென்றார். கூடாரத்தைத் தம் வீடாகக் கொண்டார். அப்பயணங்களில் சாலிம் அலி ஆய்வு மாதிரிகளுக்காகப் பறவைகளைச் சுடவும் செய்தார். அக்கால ஆய்வுமுறை அத்தகையது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. 1939-இல் சிறு அறுவை மருத்துவத்தை அடுத்துத் தெஹ்மினா எதிர்பாராது மறைந்தார். அத்துயரிலிருந்து அவர் எளிதில் மீளவில்லை. பின்னர்த் தமக்கையின் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. வண்ணப்படங்களோடு கூடிய அந்நூலைக் கையிலேந்தியே இந்நாட்டில் பலர் பறவை நோக்கத் தொடங்கினர்.

ஹெலிகோலாந்தில் கண்ட வளையத்தை அவர் மறக்கவில்லை. இந்தியாவில் பெரிய அளவில் வளையமிடப் பொருள் வேண்டும். பறவைகள் எங்கே போகின்றன என்று அறிவதற்காகப் பணம் தருவார் யார்? வாய்ப்பு ஒரு நோயின் வடிவில் வந்தது. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன, மக்களும் காய்ச்சலுற்றனர். உண்ணியால் பரவும் அந்நோயின் கிருமி, உருசிய நாட்டு நோயொன்றின் கிருமியை ஒத்திருந்தது. வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்று அறிஞர் ஐயுற்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு 1959-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வளையமிடும் பணியைத் தொடங்கியது. நோயைப் பறவைகளே கொண்டுவந்தன என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், பறவைகளின் வழியை அறியும் பணி நாட்டில் வேரூன்றிவிட்டது.

இப்பணியே அவரைத் தமிழகக் கடற்கரையோடு பிணைத்தது. வேதாரணியத்திற்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடுமிடத்தில் கோடியக்கரை உள்ளது. கோடி என்பது கடைசி எல்லை. தெற்கு நோக்கி வரும் கரை அங்கு முடிந்து மேற்கே திரும்புகிறது. பசுமை மாறாத உலர்காடு, வெளிமான்கள் மேயும் புல்வெளி, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தொலைவு சதுப்பும் உப்பளமும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்ததும் சதுப்பில் நீர் பரவும். சேற்றில் புழுவும் சிறு இறாலும் பெருகும். பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் வாத்துகளும் பல்லாயிரக்கணக்கில் வந்து சேரும். இவ்விடத்தின் சிறப்பை உலகறியச் செய்தவர்களுள் சாலிம் அலி முதன்மையானவர். 1967-இல் அரசு அதனைக் காப்பிடமாக அறிவித்தது. வளையமிடும் பணிக்கும் அது நாட்டின் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று.

அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிவது நன்று. கதிரவன் எழுமுன்னரே கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலைகளை நிறுத்துவர். பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் என்னும் குடியினர் இதில் கைதேர்ந்தவர்கள். வழிவழியாகப் பறவை பிடித்து விற்றுவந்த அவர்களைக் கழகம் பணியில் அமர்த்தியது. விற்பதற்குப் பிடித்த அதே கைகள் விடுவிப்பதற்குப் பிடிக்கலாயின. வலையில் அகப்பட்ட பறவையின் சிறகு சிதையாமல் ஒவ்வோர் இழையாக விலக்கி எடுத்துத் துணிப்பையில் இடுவர். பின்னர் எடை பார்ப்பர், சிறகை அளப்பர், இறகு உதிர்ந்து முளைக்கும் நிலையைக் குறிப்பர். இறுதியில் காலுக்கேற்ற அளவுள்ள அலுமினிய வளையத்தை அணிவித்து, எண்ணைப் பதிந்து, உள்ளங்கையை விரிப்பர். கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம். அது பிறந்ததோ பனி சூழ்ந்த வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில். அச்சிற்றுயிரின் காலில் எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த வளையம் முகவரிச் சீட்டாய் அமைந்துவிடும்.

ஆயிரக்கணக்கில் வளையமிட்டால் மிகச் சிலவற்றைப் பற்றியே செய்தி திரும்பி வரும். அச்சிலவும் பெரும் பயன் தந்தன. இராஜஸ்தானின் பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டுப் பகுதிகளில் கிடைத்தன. ஒரு நாட்டின் ஏரியைத் தூர்த்தால் பிறிதொரு நாட்டின் பறவை அழியும் என்பது சான்றோடு விளங்கிற்று. வடக்கே முட்டையிட்டு, ஆண்டின் பாதியைத் தமிழ்க் கடற்கரையில் கழிக்கும் உள்ளானுக்குச் சொந்த ஊர் எது? ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வினா புதிதன்று. உள்ளானுக்கு இரண்டு ஊரும் வேண்டும். ஒன்று கெட்டாலும் அது வாழாது.

முதுமையிலும் சாலிம் அலியின் கால்கள் ஓயவில்லை. டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகளாக இந்தியத் துணைக்கண்டப் பறவைகளின் கையேட்டை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். மோட்டார் சைக்கிள் மீது அவருக்கு அளவற்ற விருப்பம். 1950-இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குத் தம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச் சென்று, ஐரோப்பியச் சாலைகளில் ஓட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 53! பட்டமில்லை என்று பணி மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டங்களை வழங்கின. அரசு பத்ம பூஷண், பத்ம விபூஷண் விருதுகளை அளித்தது. 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் நியமித்தது. 1976-இல் கிடைத்த கெட்டி பரிசின் பெரும்பொருளை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்துவிட்டார். 1987-இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1990-இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மையம் நிறுவப்பட்டது.

பனிக்காலத்தில் கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ செல்லும்போது இறந்துகிடக்கும் பறவையொன்றின் காலில் வளையத்தை நீங்கள் காணக்கூடும். பறவையைத் தொடாமல் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். வளையத்திலுள்ள எண்ணை ஓர் இலக்கமும் பிழையாது எழுதிக்கொள்ளுங்கள். கண்ட நாளையும் ஊரையும் அதனோடு குறித்து, வளையத்தில் பொறித்துள்ள பெயருக்கு மடல் எழுதுங்கள். பறவை உயிரோடிருந்தால் வளையத்தைக் கழற்றலாகாது. அது இன்னும் பயணத்தில் இருக்கிறது.