விஞ்ஞானி ஸத்யேந்திரநாத் போஸ்

மரத்திலிருந்து பழம் விழுவதும், வானத்தில் மின்னல் வெட்டுவதும், சூரியன் ஓயாது எரிவதும் வெவ்வேறு காரியங்களாகத் தோன்றுகின்றன. ஆயினும் இவை யாவற்றுக்கும் மூலமாயுள்ள சக்திகள் நான்கே என்று பௌதிக சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். பொருள்களைப் பூமியின்பால் இழுக்கும் ஈர்ப்புச் சக்தி ஒன்று. மின்சாரமும் காந்தமும் ஒளியும் அடங்கிய மின்காந்த சக்தி மற்றொன்று. அணுவின் கருவைச் சிதறாமல் பிணைத்து வைப்பது வன்சக்தி. சில அணுக்கருக்கள் தாமே சிதைந்து வேறொன்றாக மாறுவதற்குக் காரணமாயிருப்பது மென்சக்தி. இச்சக்திகளைத் துகளுக்குத் துகள் எடுத்துச் செல்லும் தூதுவர்களும் துகள்களே என்பது இன்றைய சித்தாந்தம். அத்தூதுவர்கள் அடங்கிய இனத்துக்குப் போஸான் என்று பெயர். அப்பெயர் கல்கத்தாவில் பிறந்த ஒரு பாரத புத்திரரின் பெயரிலிருந்து உண்டானது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஸத்யேந்திரநாத் போஸ் 1894-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி பிறந்தார். தந்தை ரயில்வே உத்தியோகஸ்தர். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் மூண்டெழுந்தபோது அவருக்கு வயது 11. பிரஸிடென்ஸி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவருடைய ஆசிரியர்கள். மேகநாத் ஸாஹா உடன் பயின்றவர். 1915-இல் எம். எஸ்ஸி. பரீக்ஷையில் போஸ் முதலாவதாகவும் ஸாஹா இரண்டாவதாகவும் தேறினார்கள்.

அக்காலத்தில் உயர்ந்த விஞ்ஞான ஆராய்ச்சி நம்மவருக்குக் கைகூடாது என்ற எண்ணம் ஆள்வோரிடையே பரவியிருந்தது. அதைப் பொய்யாக்க முன்வந்தவர்கள் வக்கீல்கள் என்பதைச் சொல்லுவதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய இருவரும் தாங்கள் தொழிலில் ஈட்டிய பெரும் பொருளைக் கல்கத்தா ஸர்வகலாசாலைக்கு அளித்தார்கள். பாலித் பதவியில் இந்தியரே நியமிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. ஹைகோர்ட் நீதிபதியான அசுதோஷ் முகர்ஜி அத்தனத்தைக் கொண்டு 1914-இல் விஞ்ஞானக் கல்லூரியை நிறுவினார். நமது ஸி. வி. ராமன் 1917-இல் பாலித் பேராசிரியரானதும் அங்கேதான். அதே கல்லூரியில் ஆசிரியர்களாயமர்ந்த போஸும் ஸாஹாவும், ஐன்ஸ்டைனுடைய ஒப்புமைத் தத்துவக் கட்டுரைகளை ஜெர்மன் பாஷையிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். அந்நூல் 1920-இல் வெளிவந்தது.

1921-இல் போஸ் டாக்கா ஸர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே, பாடம் சொல்லும்போது நேர்ந்த ஒரு சங்கடமே அவருடைய கீர்த்திக்கு வித்தாயிற்று. காய்ச்சிய இரும்பு முதலில் சிவக்கிறது, பின்னர் வெளுக்கிறது. சூடேறிய பொருள் எந்நிற ஒளியை எவ்வளவு வீசும் என்பதற்கு ஜெர்மானியப் பேரறிஞர் பிளாங்க் 1900-இல் ஒரு சூத்திரம் கண்டிருந்தார். சூத்திரம் பரிசோதனைக்கு ஒத்திருந்தது. ஆனால் அதை நிரூபித்த வழியில் பழைய கொள்கையும் புதிய கொள்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கலந்து கிடந்தன. தமக்கே தெளிவாகாததை மாணவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்று போஸ் சிந்தித்தார்.

அவர் கண்ட வழியை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இரண்டு காசுகளைச் சுண்டினால் அவை நான்கு விதமாக விழக்கூடும். இரண்டும் பூ; இரண்டும் தலை; முதற்காசு பூ, மற்றது தலை; முதற்காசு தலை, மற்றது பூ. காசுகள் வெவ்வேறானபடியால் கடைசி இரண்டும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒளித்துகள்களிலோ இது முதலாவது, அது இரண்டாவது என்று அடையாளம் இட இயலாது. ஆகவே ஒன்று பூவும் ஒன்று தலையுமாக இருப்பது ஒரே நிலைமைதான். மொத்தம் மூன்று நிலைமைகளே. இவ்விதம் எண்ணிக் கணக்கிட்டதும் பிளாங்கின் சூத்திரம் பழைய கொள்கையின் உதவியின்றியே கிடைத்தது.

1924-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், முன்பின் அறிமுகமில்லாத ஐன்ஸ்டைனுக்கே தமது கட்டுரையை அனுப்பினார் போஸ். அம்மேதை அதன் அருமையை உணர்ந்து, தம் கையாலேயே ஜெர்மன் பாஷையில் பெயர்த்துப் பிரசுரிக்கச் செய்தார். அக்கணக்கை வாயுக்களின் அணுக்களுக்கும் விரித்தார். மிகக் கடுங்குளிரில் சிலவகை அணுக்கள் யாவும் ஒரே நிலைமையில் ஒடுங்கிவிடும் என்பது அதனின்று பிறந்த முடிவு. 1995-இல் அமெரிக்காவில் அது பரிசோதனையில் மெய்யாயிற்று; அதைக் கண்டவர்கள் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்கள். போஸுக்கு அப்பரிசு கிடைத்ததே இல்லை. ஆனால் அவர் பெயர் வேறு விதத்தில் நிலைத்தது. அவர் வகுத்த கணக்குக்கு அடங்கும் துகள்களுக்கு ஆங்கில விஞ்ஞானி டிராக் 1945-இல் போஸான் என்று பெயரிட்டார். மின்காந்த சக்தியின் தூதுவனான ஒளித்துகளும், வன்சக்தியின் தூதுவனான குளுவானும், 1983-இல் ஜினீவாவுக்கு அருகே கண்டறியப்பட்ட மென்சக்தித் தூதுவர்களும், 2012-இல் அங்கேயே புலப்பட்ட ஹிக்ஸ் துகளும் போஸான்களே. ஈர்ப்புச் சக்தியின் தூதுவன் மட்டும் இன்னும் அகப்படவில்லை.

ஐரோப்பாவில் இரண்டு வருஷம் தங்கித் திரும்பிய போஸ், டாக்டர் பட்டமில்லாதவராயினும் ஐன்ஸ்டைனுடைய சிபார்சின் பலத்தால் டாக்காவில் பேராசிரியரானார். 1945-இல் கல்கத்தா சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த காரியம் தாய்மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்புவதே. 1948-இல் வங்க விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, வங்காளியில் ஒரு விஞ்ஞான சஞ்சிகையையும் தொடங்கினார். உயர்தர வகுப்புகளிலும் வங்காளியிலேயே போதித்தார். விஞ்ஞானம் சொல்ல இயலாத குறை பாஷையைச் சேர்ந்ததன்று, சொல்ல வந்தவரையே சேர்ந்தது என்பது அவர் துணிபு. 1962-இல் ஜப்பானுக்குச் சென்றபோது அந்நாட்டு அறிஞர்கள் தம் பாஷையிலேயே நுட்பமான விஷயங்களை விவாதிப்பதைக் கண்டு அத்துணிபில் இன்னும் உறுதி பெற்றார். 1974-ஆம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி கல்கத்தாவில் காலமானார்.

சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகளாகியும், உயர்ந்த விஞ்ஞானம் அந்நிய பாஷையில்தான் வருமென்று கருதுவோர் நம்மிடையே குறையவில்லை. ஜெர்மனும் ஆங்கிலமும் நன்கு கற்ற போஸ் அவ்வாறு கருதவில்லை. போஸான் என்ற சொல்லை உலகம் நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டது. அச்சொல்லின் பொருளை நம் கிராமத்துக் குழந்தையும் தன் பாஷையிலேயே உணரும்படி செய்வது நம்முடைய கடமை.