கீர்க்ககார்டும் இன்மையும்

டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில், கம்பளி வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டிய மிக்கேல் என்பாரின் மக்கள் எழுவருள் கடைசியாக, 1813-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் சோரன் கீர்க்ககார்டு பிறந்தார். தந்தையார் செல்வராயினும் மனஅமைதி பெற்றாரல்லர். சிறுவராய் ஜட்லாந்துத் தரிசுநிலத்தில் ஆடு மேய்த்துப் பசியாலும் குளிராலும் வாடிய ஒருநாள் அவர் கடவுளைச் சபித்துவிட்டார். முதுமையிலும் அதனை மறந்திலர். தம் மக்களுள் ஒருவரும் முப்பத்துமூன்று வயதைக் கடவார் என்றும் நம்பினார். 1834-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஐவர் இறந்தனர். எஞ்சியோர் தமையனார் ஒருவரும் சோரனுமே. பெயரிட்டுச் சொல்லவொண்ணாத ஒரு பாரம் அவ்வில்லத்தில் நிறைந்திருந்ததென நாம் கருதுகின்றோம்.

1838-இல் தந்தையார் மறைந்தார். 1840-இல் சோரன் வேதசாஸ்திரத் தேர்வில் தேறி, பதினெட்டு வயதினளாகிய ரெஜீனா ஒல்சனுக்கு மணம் பேசப்பெற்றார். மறுஆண்டே மோதிரத்தைத் திருப்பியனுப்பிவிட்டுப் பெர்லின் சென்று, ஷெல்லிங்கின் விரிவுரைகளைக் கேட்டார். துயர் மிகுந்த தம் உள்ளம் இல்லறத்திற்கு ஏலாதென்பது அவர் எண்ணம். அவர் நூல்கள் எத்துணைச் சிறந்தனவாயினும், அப்பெண் பட்ட துன்பத்திற்கு அவை ஈடாகும் என நாம் சொல்லத் துணியோம்.

1844-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கோப்பன்ஹேகனின் காவலாளன் எனப் பொருள்படும் இலத்தீன் புனைபெயரில், கலக்கத்தைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அச்சம் வேறு, கலக்கம் வேறு என அதன்கண் அவர் பிரிக்கின்றார். பாம்பைக் கண்டோ கடன்காரனை நினைந்தோ நடுங்குதல் அச்சம். அதற்கு ஒரு பொருள் உண்டு. கலக்கத்திற்கோ சுட்டிக் காட்டத்தக்கது ஒன்றுமில்லை. அவ்வொன்றுமில்லாமையே, அதாவது இன்மையே, அதன் பொருள். ஏதேன் தோட்டத்து ஆதாமை அவர் சான்றாகக் கொள்கின்றார். கனியை உண்ணலாகாது என்னும் கட்டளையைக் கேட்ட ஆதாமுக்கு நன்மை தீமை தெரியாது; சாவென்பதும் விளங்காது. ஆயினும் அவன் உள்ளம் அசைகின்றது. ஏன்? தன்னால் ஏதோ இயலும் என்பதை மட்டும் அவன் உணர்கின்றான். அது இன்னதென்பதோ இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. பாதாளத்தை எட்டிப் பார்ப்பானுக்கு வரும் தலைச்சுற்றலை அவர் இதற்கு ஒப்பிடுவர். அதற்குப் பள்ளம் எத்துணைக் காரணமோ, நோக்கும் கண்ணும் அத்துணைக் காரணம். ஆகவே இவ்வின்மையைப் பௌத்தர் கூறும் சூனியத்தோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. மனிதனுடைய சுயாதீனம் தன்னைத்தானே காணுமிடம் இது. விலங்குகளுக்கு இக்கலக்கம் இல்லை என்பது அவர் துணிபு. இதனினின்று ஓடி ஒளியாது, விசுவாசத்தின் துணைகொண்டு இதனிடமே பாடம் கற்கவேண்டும் என்றார்.

பிற்காலத்தில் ஹைடெகர் 1929-ஆம் ஆண்டுப் பிரைபர்க்குச் சொற்பொழிவிலும், சார்த்தர் 1943-ஆம் ஆண்டு நூலிலும் இன்மையை ஆராய்ந்தனர். சார்த்தர் கடவுளை அறவே விலக்கினார். ஏதேனில் தொடங்கிய ஆராய்ச்சி அங்ஙனம் சென்றது வியப்பே.

இறுதி ஆண்டில் கீர்க்ககார்டு நாட்டுத் திருச்சபையைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1855 அக்டோபர் 2-ஆம் நாள் மருத்துவமனை சேர்ந்தார். அரசின் ஊதியம் பெறும் குருமாரிடம் இராப்போஜனம் பெற மறுத்து, அதனைப் பெறாமலே நவம்பர் 11-ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதில் உயிர்நீத்தார். எஞ்சிய உடைமைகளை ரெஜீனாவுக்கு எழுதி வைத்திருந்தார். வேறொருவரை மணந்து மேற்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த அவ்வம்மையார், தம் கடிதங்கள் முதலிய சிலவற்றையன்றிப் பிறவற்றை ஏற்றிலர்.