அவைக்கு அஞ்சிய இளம் வழக்கறிஞர்

திருவள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்து அவையஞ்சாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். கற்பது ஒன்று, கற்றதைப் பலர் நடுவே நின்று எடுத்துரைப்பது மற்றொன்று. இவ்வுண்மையை அவ்வைப்பு முறையே நமக்கு உணர்த்துகின்றது. நூல் பல கற்றும் அவையில் நா எழாது நின்றவர்கள் எக்காலத்தும் உண்டு. அவர்களுள் ஒருவரைப் பின்னாளில் உலகமே செவிமடுத்துக் கேட்டது. அவரே அண்ணல் காந்தியடிகள். அவர் விடுதலைப் போரை நடத்திய வரலாற்றை நாம் பள்ளிப் பருவம் முதலே படித்திருக்கின்றோம். நீதிமன்றத்தில் அவர் கால்வைத்த முதல் சில ஆண்டுகளை மட்டும் இங்கு நினைவு கூர விழைகின்றோம்.

பட்டமும் பயமும்

1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். 1891 ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். 12ஆம் நாள் தாயகம் நோக்கிக் கப்பலேறிவிட்டார். பம்பாய்த் துறைமுகத்தில் அவரை எதிர்கொண்ட தமையனார், அன்னையார் மறைந்த துயரச் செய்தியை அங்குதான் கூறினார். அயல்நாட்டில் தம்பி அப்பேரிடியைத் தாங்க நேரக் கூடாதே என்று அதுகாறும் மறைத்து வைத்திருந்தனர்.

தமையனார் தம்பியின்மீது பெருநம்பிக்கை கொண்டிருந்தார். பாரிஸ்டர் பட்டம் வந்துவிட்டது, இனிப் பொருள் தானே வந்து குவியும் என்பது அவர் எண்ணம். ஆனால் இளைஞருக்கோ உள்ளூர அச்சம். இலண்டனில் உரோமச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் படித்தாரேயன்றி, இந்து சட்டமோ இசுலாமியச் சட்டமோ அவருக்குத் தெரியாது. ஒரு வாதுரை எழுதும் முறையும் அறியார். எனவே உயர் நீதிமன்ற அனுபவம் பெறுவதற்காகப் பம்பாயில் வீடெடுத்துத் தங்கினார்.

அந்நாளில் பம்பாய் நீதிமன்றத்தில் பெரோஸ்ஷா மேத்தாவும் பத்ருதீன் தியாப்ஜியும் சிங்கங்களாய் விளங்கினர். தியாப்ஜி 1867இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பதிவு பெற்ற முதல் இந்திய பாரிஸ்டர். 1887இல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அவருடைய வாதத் திறனைக் கண்டு நீதிபதிகளே மலைத்தனர் என்று நண்பர் ஒருவர் கூறக் கேட்ட காந்தி, ஊக்கம் பெறுவதற்கு மாறாக மேலும் சோர்ந்தார். பாரிஸ்டர் ஒருவர் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வருவாயின்றிக் காத்திருப்பது புதுமையன்று என்றும் அந்நண்பர் சொல்லி வைத்தார். காந்தி நாள்தோறும் கிர்காமிலிருந்து நீதிமன்றத்திற்கு நடந்தே சென்றார். வழக்குகளைப் பின்தொடர இயலாமல் பலநேரம் அங்கேயே கண்ணயர்ந்தும் போனார்.

மாமிபாய் வழக்கு

அவருக்குக் கிடைத்த முதல் வழக்கு மாமிபாய் என்னும் பெண்மணியின் வழக்கு. சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் நடந்த எளிய வழக்கு அது. ஒரு நாளில் முடியக் கூடியது. தரகருக்குப் பங்கு தரவேண்டும் என்றனர். மாதம் மூவாயிரம், நாலாயிரம் ஈட்டும் பெரிய வழக்கறிஞரே தருகிறாரே என்று எடுத்துக் காட்டினர். காந்தி மறுத்துவிட்டார், ஆயினும் வழக்கு அவரிடமே வந்தது. கட்டணம் 30 ரூபாய்.

பிரதிவாதிக்காக நின்ற அவர் வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தார். நெஞ்சு படபடத்தது, தலை சுழன்றது, நீதிமன்றமே சுழல்வது போலிருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்வியேனும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். தம்மால் வழக்கை நடத்த இயலாதெனக் கூறிப் பட்டேல் என்னும் வேறொரு வழக்கறிஞரை அமர்த்திக் கொள்ளச் சொல்லித் தாம் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டேல் 51 ரூபாய்க்கு அவ்வழக்கை ஏற்றார். அவருக்கு அது பிள்ளை விளையாட்டு. காந்தியோ வழக்கு வென்றதா தோற்றதா என்று அறியவும் நில்லாமல் வெளியேறினார். துணிவு பிறக்கும்வரை வழக்கு எதனையும் ஏற்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். நா எழாமை குற்றமன்று. நடத்தாத வழக்கிற்குப் பணம் பெறுவதே குற்றமாகும். அவை கைவிட்ட அந்நாளிலும் அறம் அவரைக் கைவிடவில்லை.

பின்னர் ஓர் ஏழை முஸ்லிம் அவரை நாடி வந்தார். போர்பந்தரில் இருந்த அவருடைய நிலம் பறிமுதல் செய்யப்பட்டிருந்தது. காந்தி அவருக்காக விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொடுத்தார், கட்டணம் பெறவில்லை. விண்ணப்பத்தை நண்பர்களுக்குப் படித்துக் காட்ட, அவர்களும் பாராட்டினர். பேச இயலாத தம்மால் எழுத இயலும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போது ஓரளவு பிறந்தது.

அக்காலத்தில் பள்ளி ஒன்றில் நாளும் ஒருமணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க 75 ரூபாய் ஊதியத்தில் ஆசிரியர் தேவை என்ற விளம்பரம் கண்டு விண்ணப்பித்தார். கல்லூரிப் பட்டதாரி அல்லர் என்று கூறி அவரைத் திருப்பி அனுப்பினர். பம்பாயில் ஏறத்தாழ ஆறு திங்கள் கழிந்தன. வரவின்றிச் செலவு பெருகவே இராஜகோட் திரும்பினார். அங்கு விண்ணப்பங்கள் எழுதித் திங்களுக்குச் சுமார் 300 ரூபாய் ஈட்டினார். பம்பாயில் மறுத்த தரகு வழக்கத்திற்கு இங்குத் தமையனாரின் வற்புறுத்தலால் இணங்கவும் நேர்ந்தது. அதனைத் தம் வரலாற்றில் அவரே மறைக்காது எழுதியுள்ளார். தமையனாருக்காகப் பரிந்து பேசச் சென்ற இடத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் சேவகனைக் கொண்டு அவரை வெளியேற்றிய நிகழ்ச்சியும் அங்குதான் நடந்தது. அச்சூழல் அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை.

தாதா அப்துல்லாவின் அழைப்பு

இந்நிலையில்தான் தென்னாப்பிரிக்காவில் வாணிகம் செய்த போர்பந்தர் மேமன் முஸ்லிம்களின் நிறுவனமான தாதா அப்துல்லா கம்பெனி அவரை அழைத்தது. ஓராண்டுப் பணி, முதல் வகுப்பில் போக்குவரத்துச் செலவு, உணவும் உறையுளும் போக 105 பவுன் ஊதியம். பாரிஸ்டருக்குரிய பணி என்பதைவிட நிறுவன ஊழியரின் பணி என்றே அதனைச் சொல்ல வேண்டும். 1893 ஏப்ரலில் கப்பலேறிய காந்தி மே மாத இறுதியில் டர்பன் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாள்களில் அப்துல்லா சேட் அவரை டர்பன் நீதிமன்றத்திற்கு அழைத்துச் சென்றார். தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி பணித்தார். காந்தி கழற்ற மறுத்து வெளியேறினார். நடந்ததை நாளிதழுக்கு எழுதினார். இனி ஆங்கிலத் தொப்பி அணியலாமோ என்று அவர் ஐயுற்றபோது அதனைத் தடுத்தவர் அப்துல்லா சேட்டே. அவர் பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவர். ஆனால் உலக அனுபவம் நிரம்பியவர். தலைப்பாகைக்காகப் போராடும் பிறருக்கு அது தளர்ச்சி தரும் என்பது அவர் கருத்து. 1893 ஜூன் 7ஆம் நாள் இரவு மாரிட்ஸ்பர்க்கில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிகழ்ச்சி யாவரும் அறிந்ததாகலின் அதனை இங்கு விரிக்கவில்லை.

கணக்கேடு கற்பித்த பாடம்

தாதா அப்துல்லாவுக்கும் அவர்தம் உறவினர் தயப் சேட்டுக்கும் இடையே பிரிட்டோரியாவில் நடந்த வழக்கு 40,000 பவுன் பற்றியது. வழக்கு முழுவதும் கணக்குகளையும் கடனுறுதிச் சீட்டுகளையும் சார்ந்தது. காந்திக்கோ கணக்குப் பதிவியல் தெரியாது. கடனுறுதிச் சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. அவர் வெட்கப்பட்டு வாளாவிருக்கவில்லை. கணக்குப் பதிவியல் நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். ஏடுகளை வரிவரியாக ஆராய்ந்தார். குஜராத்தி ஆவணங்களை மொழிபெயர்த்தார். வழக்கின் நிகழ்வுகளை அவர் அளவுக்கு அறிந்தவர் இலர் என்னும் நிலையை எய்தினார்.

அந்த அறிவு அவருக்கு இரண்டு உண்மைகளைக் காட்டியது. தம் கட்சிக்காரர் பக்கம் நியாயம் வலுவானது என்பது ஒன்று. வழக்கு நீண்டால் ஒரே ஊரினரும் உறவினருமான இருவருமே அழிவர் என்பது மற்றொன்று. ஆகவே இருவரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார். நடுவர்முன் தாதா அப்துல்லா வென்றார். ஆயினும் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் ஒருங்கே செலுத்தத் தயப் சேட்டால் இயலாது. நொடித்துப் போவதைவிடச் சாவதே மேல் என்று எண்ணும் வணிகக் குடியினர் அவர். காந்தி அப்துல்லா சேட்டிடம் அரிதின் முயன்று, நெடுங்காலத் தவணைகளில் பெற்றுக்கொள்ளச் செய்தார். வென்றவரும் தோற்றவரும் பகையின்றிப் பிரிந்தனர். பிரிந்தவரைக் கூட்டுவிப்பதே வழக்கறிஞர் கடமை என அவர் தெளிந்தது இங்குதான். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான வழக்குகளை அவர் இவ்வாறே மன்றத்திற்கு வெளியே முடித்து வைத்தார்.

தமிழர் ஒருவர் வருகை

1894இல் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. நீதிமன்றம் அவ்வெதிர்ப்பைத் தள்ளியது. உறுதிமொழி எடுத்தபின் தலைப்பாகையைக் கழற்றுமாறு தலைமை நீதிபதி கூற, இம்முறை காந்தி கழற்றினார். அப்துல்லா சேட் முதலியோர்க்கு அது வருத்தமளித்தது. பெரிய போராட்டங்களுக்கு வலிமையைச் சேமித்தல் வேண்டும் என்பது காந்தியின் விளக்கம்.

சில திங்களில் பாலசுந்தரம் என்னும் தமிழர் கிழிந்த உடையுடன் அவர்முன் வந்து நின்றார். அவர் ஓர் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி வழிந்தது. தலைத்துணியைக் கழற்றிக் கையில் ஏந்தி நின்றார். வெள்ளையரைக் காணச் செல்லும் தொழிலாளர் அவ்வாறு செய்தாக வேண்டும் என்பது அங்கு வழக்கம். தம்மிடமும் அதே பணிவைக் காட்டியது காந்தியை நாணச் செய்தது. துணியைத் தலையில் கட்டிக் கொள்ளச் சொன்னார். தமிழரான எழுத்தர் மொழிபெயர்க்க, நடந்ததைக் கேட்டறிந்தார். மருத்துவச் சான்று பெற்று நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளியைத் தண்டிப்பதினும் பாலசுந்தரத்தை விடுவிப்பதே அவர் நோக்கம். வேறொரு முதலாளியிடம் ஒப்பந்தம் மாற்றப்பட்டது. இச்செய்தி தமிழகம்வரை எட்டியது. 1896 அக்டோபர் 26ஆம் நாள் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி உரையாற்றியபோது மக்கள் காட்டிய பேரார்வத்திற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று.

நாம் பெறும் படிப்பினை

ஐந்தாண்டுகளுக்குமுன் ஒரு கேள்வி கேட்க இயலாது அமர்ந்தவர் எவ்வாறு நிமிர்ந்தார்? பேச்சுக்கலையால் அவர் நிமிர்ந்ததாகத் தெரியவில்லை. கூச்சம் அவரைவிட்டு எளிதில் நீங்கவுமில்லை. பொருளை முற்றக் கற்றார். தமக்காக அன்றிப் பிறர்க்காக நின்றார். தம்மை மறந்த அளவில் அச்சமும் அவரை மறந்தது.

சிறுசேரித் தொழில்நுட்பப் பூங்காவின் உயர்ந்த மாடங்களில் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் மாணவர்களுள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதித்தோர் பலர். செங்கல்பட்டிலும் சென்னையிலும் கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் ஏறவிருப்போரும் உளர். முதல் நாளில் நா தடுமாறுமாயின் அதனைத் தம் திறமைக்கு வழங்கப்பட்ட தீர்ப்பாக அவர்கள் கொள்ளுதல் வேண்டா. பெற்றோரும் பெரியோரும் அவ்வாறு கொள்ளாதிருத்தல் அதனினும் இன்றியமையாதது. இளைஞர் ஒருவரின் தோல்வியைப் பொருட்படுத்தாது ஓராண்டுப் பணி தந்து, தலைப்பாகையைக் காக்கவும் அறிவுரை கூறிய அப்துல்லா சேட்டைப் போன்ற பெரியோர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார்களாயின், அவையஞ்சும் இளைஞர் பலர் அவையை வெல்வர் என்பது திண்ணம்.