கட்டிலருகே தொடங்கிய பள்ளி

ஆண்டுதோறும் மே 12 அன்று, நைட்டிங்கேல் அம்மையாரின் பிறந்த நாளில், கோவையின் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பது வழக்கம். அந்த விளக்கின் முன் நிற்கும் மாணவியருக்கு நம் மண்ணிலேயே பிறந்த இன்னொரு பெண்மணியின் வாழ்க்கையையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று செவிலியர் ஆசிரியையான எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரை மருத்துவராகவே நாம் நினைவுகூர்கிறோம். செவிலியர் கல்வியில் அவர் பதித்த தடம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவ மறைப்பணியாளர், தந்தையும் மருத்துவர். சிறு வயதில் பஞ்சத்தின் கொடுமையை நேரில் கண்ட ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் எண்ணமே இருக்கவில்லை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தவர், தாயின் உடல்நலக் குறைவால் திண்டிவனம் வந்தார். விரைவில் திரும்பிவிடுவதாகவே திட்டம்.

அங்கே ஒரே இரவில், வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வீட்டு வாசலுக்கு வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். மருத்துவம் பயிலாத ஐடா தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். ஆண் மருத்துவர் தம் மனைவியைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்தனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அனைவரும் இந்த இரவைச் சொல்லாமல் விட்டதில்லை. அந்தப் பெண்களுக்குக் கிட்டாமற்போனது பட்டம் பெற்ற மருத்துவர் மட்டுமன்று. பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும்தான் என்று நான் கருதுகிறேன்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். சில மாதங்களிலேயே தந்தை மறைந்தார். வீட்டிலேயே ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய சிகிச்சை, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாக வளர்ந்தது. அறுவை சிகிச்சை முடிந்த பெண்ணின் காய்ச்சலை இரவெல்லாம் கவனிக்கவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், பேறு பார்க்கவும் பழகிய கைகள் வேண்டியிருந்தன. 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார்.

இதன் அருமையை அன்றைய சமூகத்தை வைத்தே அளக்க வேண்டும். அந்நியர் உடலைத் தொட்டுத் துப்புரவு செய்வதை இழிவாகவும் தீட்டாகவும் கருதிய காலம் அது. வசதியுள்ள வீடுகள் மகளை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. சென்னை மாகாணச் செவிலியர், பேறுகால உதவியாளர் சட்டம் வந்ததே 1926-இல்தான். இன்று விசைத்தறிக் கூலியிலும் பனியன் கம்பெனிச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து மகளைச் செவிலியராக்கும் கொங்கு நாட்டுக் குடும்பங்களைப் பார்க்கும்போது, இடையே கடந்த தொலைவு புரிகிறது.

1918-இல் அவர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். விண்ணப்பங்கள் வருவதே அரிது என்று மருத்துவ அதிகாரி எச்சரித்திருக்க, நூற்றைம்பதுக்கும் மேல் வந்தன. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்க்கும் வழக்கமும் வளர்ந்தது. அந்த மரத்தடிகள்தாம் சிறந்த வகுப்பறைகள் என்பேன். சீழ்ப்புண்ணைக் கண்டு ஆசிரியை முகம் சுளிக்கிறாரா, ஏழைக் கிழவியிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பதையெல்லாம் உடன் சென்றவர்கள் கண்ணால் கண்டு கற்க முடிந்தது.

1946-இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய படிப்பு முதன்முதலாகத் தொடங்கப்பட்ட இடங்கள் வேலூரும் தில்லியும். அதே ஆண்டில் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். 1960 மே மாதம், தம் 89-ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார்.

வேலூர்ச் செவிலியர் கல்லூரியில் இன்றும் தொடரும் ஒரு வழக்கம் என்னை ஈர்க்கிறது. அங்கே பாடம் நடத்துவோர் வார்டுப் பொறுப்பையும் சேர்த்தே சுமக்கின்றனர். மாணவி எந்த வார்டில் பயில்கிறாளோ, அந்த வார்டின் நோயாளிகளுக்கு அவளுடைய ஆசிரியையும் பொறுப்பாளர்.

பெரும்பாலான கல்லூரிகளில் இவை தனித்தனிப் பணிகள். வார்டுச் செவிலியருக்கு அளவுக்கு மீறிய நோயாளிகள். அவருக்கு மாணவி ஒரு கூடுதல் சுமை, அல்லது சம்பளமில்லாத உதவியாள். ஆசிரியையோ வார்டில் ஒரு விருந்தாளி. பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டுத் திரும்புகிறார். முதலாமாண்டு மாணவி முதன்முறையாகப் படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்யும்போது அவள் கை நடுங்கும். அப்போது அருகில் நின்று ஒருவர் அந்தக் கையைப் பிடித்துக் காட்டினால், நோயாளியின் கையை எப்படிப் பிடிப்பது என்பதும் அவளுக்கு வந்துவிடும். எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டால், மூன்றாமாண்டில் அவளும் ஒரு முதியவரை அதே குரலில் அதட்டுவாள். நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். பரிவு குறித்த பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவியர், வார்டில் நோயாளியைப் பெயரால் அழைக்காமல் கட்டில் எண்ணால் அழைப்பதையும் கேட்டிருக்கிறேன். அதை அவர்கள் பாடநூலில் படிக்கவில்லை.

இரட்டைப் பொறுப்பு என்றால் நிர்வாகங்கள் செலவைக் காட்டித் தயங்குகின்றன. ஆசிரியைகள் பணிச்சுமையையும், வார்டுச் செவிலியர் தங்கள் அதிகாரம் குறையுமென்ற அச்சத்தையும் சொல்கின்றனர். மூன்றுமே பொய்யில்லை. ஆனால், மருத்துவ நகரமென்று பெயரெடுத்த கோவையில், மருத்துவமனையும் செவிலியர் கல்லூரியும் ஒரே வளாகத்தில் அமைந்த நிறுவனங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, ஒரே ஒரு வார்டில், ஓராண்டுக்கு இதைச் செய்து பார்க்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. பணிப்பட்டியலை மாற்றி எழுதி, ஆசிரியைக்கு வகுப்பு நேரத்தில் சிலவற்றைக் குறைத்தால் போதும்.